காது அக்காவின் எருமை

காது மிஷின் விற்கிற கடையிலும் சரி, போகிற வீடுகளிலும் சரி, அவளை எல்லோரும் காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காது மந்தமானவர்களுக்கு வீடு தேடிப்போய்க் காது மிஷின் பொருத்துவது அவள் வேலை. கடைக்கு வர முடிந்தவர்களை அங்கே இருக்கிற மற்ற இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். படி இறங்க முடியாதவர்கள், இறங்க முடிந்தும் “எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க” என்று வீம்பு பிடிப்பவர்கள், இவர்களெல்லாம் பதினோரு வருடமாக அவள் பங்கு.

மிஷினைக் காதில் செருகிவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டு வருகிற வேலை இல்லை அது. ஒருவருக்குக் கீச்சுக்குரல் கேட்காது, இன்னொருவருக்குக் கட்டைக்குரல் கேட்காது. யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறது என்று சோதித்து, மிஷினை லேப்டாப்போடு இணைத்து, ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் பதம் பார்க்க வேண்டும். லேப்டாப் இல்லாவிட்டால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்த லேப்டாப்புக்கு அவள் கணவர் வைத்த பெயர் எருமை. பஸ் டிப்போவில் வண்டிகள் கிளம்புகிற நேரத்தைக் குறித்துக்கொள்கிறவர் அவர். எதற்கும் ஒரு பெயர் வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்த லேப்டாப்பும் நல்ல கறுப்பு, நல்ல கனம், எழுப்பினால் எழுந்திருக்கவே ஐந்து நிமிடம், எழுந்த பிறகு இருந்த இடத்தை விட்டு அசையாது. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், “முதல்ல எருமைக்குத் தண்ணி காட்டு. நாளைக்கு நடுவழியில படுத்துக்கப் போகுது” என்பார். சார்ஜ் போடச் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது, அங்கே இருந்த பழைய லேப்டாப்புகளை ஒருவர் மொத்தமாக வாங்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் மெலிசாக, வெள்ளி நிறத்தில் இருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த கறுப்புப் பெட்டியை எடுத்து மூடியைப் பின்பக்கம் சாய்த்தாள். அது முழுவதுமாக மல்லாந்து மேஜையோடு மேஜையாகப் படுத்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு அவருடைய காதின் படத்தை, அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்கிற கோட்டைக் காட்டி, “இங்க பாருங்க, இந்த இடத்துல பள்ளம் விழுந்திருக்கு” என்று சொல்ல அப்படித் திறக்கிற திரைதான் வசதி. பிறகு, மிஷினை இணைக்கிற சின்னப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்னால் இருந்த பழைய காலத்து அகலத் துளையில் செருகினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. “இதையே எடுத்துக்கிறேன்” என்றாள். விற்கிறவர், தலைவலி தொலைந்தது என்று அன்றைக்கே பையும் ஒன்று இலவசமாகக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதனோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமாக இருக்கவில்லை. சார்ஜரோடு சேர்த்துத் தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் கனம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டால் தொடை மரத்துப்போகும், தோளில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவரின் விலா எலும்பில் இடிக்கும். “உங்க இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கே?” என்று தையல்காரம்மா ஒரு தடவை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். பேட்டரி இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், நலம் விசாரிக்கும்போதே அவள் கண் பிளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருக்கும். வீடுகளை அவள் ஞாபகம் வைத்திருந்ததே அப்படித்தான். பீரோவுக்குப் பின்னால் வீடு, ஃப்ரிட்ஜைப் பிடுங்கின வீடு, நாற்காலி மேல் ஏறின வீடு.

எல்லாவற்றையும் விட அதன் இரைச்சல். உள்ளே இருக்கிற ஃபேன் ஓட ஆரம்பித்தால், பெட்டிக்குள் உட்கார்ந்து யாரோ விடாமல் மாவு சலிப்பது போல இருக்கும். அமைதியாக இருக்க வேண்டிய வேலைக்கு இப்படி ஒரு சாமான் வாய்த்ததே என்று அவளே சில நாள் நொந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் அது ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை. ஒரு வீட்டில் கைநடுக்கம் உள்ள ஒரு பெரியவர் டம்ளர் காப்பியை அப்படியே கீ வரிசையின் மேல் கவிழ்த்துவிட்டார். வீடே பதறிப்போனது. அவள் அதைச் சாய்த்துப் பிடித்தாள். அடியில் இருந்த ஓட்டை வழியாகக் காப்பி கோடாக ஒழுகி இறங்கியது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். “காப்பி நல்லா இருந்ததாம், உங்களுக்கு இன்னொண்ணு போடச் சொல்லுது” என்று அவள் சொன்னதில், கூனிக்குறுகிப்போயிருந்த அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கடை முதலாளி மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு புது லேப்டாப்பைக் கையில் கொடுத்தார். அவளை விடப் பத்து வயது சின்னவர், சுறுசுறுப்பானவர், கடைக்கு எது நல்லது என்று எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறவர்.

“அக்கா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நாம விக்கிறது சுண்டைக்காய் சைஸ் மிஷின். அதைப் பொருத்தறதுக்கு நீங்க இவ்ளோ பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் போனா, மிஷினும் பழசோன்னு ஜனங்க நினைக்க மாட்டாங்களா?”

“நினைச்சவங்க யாரும் இதுவரைக்கும் மிஷினைத் திருப்பிக் கொடுக்கல சார்.”

“அதுவும் சரிதான். ஆனா புது மிஷினுக்கு ஒயரே வேண்டாம், காத்துலயே பேசிக்கும். உங்க எருமைக்கு அது தெரியாது. ஒரு மாசம் இதை வச்சுப் பாருங்க.”

அவளுக்கு இதில் வீம்பு ஒன்றும் கிடையாது. வாங்கி வந்து வேலையை ஆரம்பித்தாள். முதல் நாளே பிடித்துவிட்டது என்பதுதான் உண்மை. பைக்குள் போட்டால் போட்ட இடம் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, எதையோ இருக்கையிலேயே விட்டுவிட்டோம் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். தொட்டதும் விழித்துக்கொண்டது. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கியது. சத்தம் என்றால் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. தோள்வலி ஒரே வாரத்தில் போன இடம் தெரியவில்லை.

குறைகளும் இருந்தன. திரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஜன்னலுக்கு எதிரே வைத்தால் காதின் படத்துக்குப் பதிலாக அவள் முகமே தெரிந்தது. மூடி பாதிக்கு மேல் சாயாது என்பதால் எதிரே இருப்பவருக்குக் காட்ட ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பையே திருப்ப வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சின்னத் துளை, பழைய இணைப்புப் பெட்டி அதில் நுழையாது. பழைய மாதிரி மிஷின் வைத்திருக்கிற பதினாலு பேருக்கும் எருமையைத்தான் தூக்கிக்கொண்டு போனாள். “ரெண்டு மாடு வச்சிருக்கிறவ நீ, பெரிய பண்ணை” என்றார் கணவர்.

ஆனால் ஐந்தாவது வாரத்தில் கடைக்கு ஒரு போன் வந்தது. அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கு மறுநாளே மூன்றாவது. மூன்றும் அவள் புது லேப்டாப்பை வைத்துப் பொருத்தியவர்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். வீட்டுக்குள் பேசினால் நன்றாகக் கேட்கிறது, வெளியே போனால் ஒரே இரைச்சல், மண்டை வெடிக்கிறது, கழற்றி வைத்துவிட்டோம்.

பதினோரு வருடத்தில் ஒரே மாதத்தில் மூன்று பேர் கழற்றி வைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. முதலாளி மூன்று பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். 

மூன்றாவது போன் ஜெனரேட்டர் பட்டறையிலிருந்து வந்திருந்தது. முப்பத்தைந்து வருடம் அந்தப் பட்டறையை நடத்தியவருக்கு இஞ்சின் சத்தமே காதைத் தின்றுவிட்டது. இப்போது பட்டறை மகள் கையில். இவர் மட்டும் காலையில் டாண் என்று போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவரைப் பார்க்கக் காது அக்கா மறுபடி வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அவரை உட்காரவைத்து, முதுகுப்பக்கமாக நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தாள். அவர் ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

“இங்க கேக்குதும்மா, ஊசி விழுந்தா கேக்குது. அங்க போனா அடிச்ச மாதிரி இருக்கு. கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிறேன்” என்றார் அவர்.

“இந்த வீட்டுல அவர்கிட்ட பேச யாரும் இல்லைங்க” என்றாள் மகள். “அம்மா போனதுக்கப்புறம் அவர் பேசறது, சண்டை போடறது எல்லாம் பட்டறையிலதான். அங்க கேக்கலைன்னா இது எதுக்குன்னு கேக்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியல.”

காது அக்கா லேப்டாப்பில் அவர் காதின் படத்தைத் திரும்பப் பார்த்தாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு மேஜையின் மேல் இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, போன வருடம் பொருத்தியவர்களின் குறிப்பையும் இந்த மூன்று பேரின் குறிப்பையும் ஒப்பிட ஆரம்பித்தாள். போன வருடக் குறிப்புகளில் எல்லாம் கடைசியில் ஒரு திருத்தம் இருந்தது. பின்னணி இரைச்சலை இரண்டு படி, மூன்று படி குறைத்திருந்தாள். இந்த மூன்றில் அது இல்லவே இல்லை. ஏன் குறைத்தோம், இப்போது ஏன் குறைக்கவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

“பழசுல எல்லாம் ஏன் இப்படிச் செஞ்சேன்னு தெரியலையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“என்ன சொன்னே?” என்றார் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர்.

“ஏன் செஞ்சேன்னு தெரியலைன்னேன்!”

“காதுல விழல. உன் எருமை போடற சத்தத்துல நீ கத்தினாத்தான் உண்டு.”

அவள் சட்டென்று எருமையின் பக்கம் திரும்பினாள். பிறகு, “எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

“என்னத்தை?”

“விடுங்க, புரிஞ்சுபோச்சு.”

எந்த வீட்டில் எருமையைத் திறந்து வைத்தாலும் அந்த அறையில் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்தது. மிஷினை மாட்டிக்கொண்டதும் எல்லோரும் முதலில் முகத்தைச் சுளித்துக் கேட்பது, “அது என்னம்மா சத்தம்?” என்பதைத்தான். “இந்தப் பெட்டிதான்” என்று சொல்லிவிட்டு, அந்த இரைச்சலைத் தாண்டித் தன் பேச்சு அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கிற வரைக்கும் அவள் திருகிக்கொண்டே இருப்பாள். அப்படித் திருகியதால்தான் தெருவிலும் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து அவள் அதைச் செய்யவில்லை, செய்கிறோம் என்று தெரிந்தும் செய்யவில்லை. புதுசு வாயே திறக்காததால், நிசப்தத்தில் வைத்துப் பொருத்தி, நிசப்தத்துக்கு மட்டும் உதவுகிற மிஷினைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் நேராகச் சொன்னாள். “மிஷின்ல தப்பில்ல சார், லேப்டாப்லயும் தப்பில்ல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். மூணையும் நானே சரி பண்ணிடறேன்.”

முழுவதையும் கேட்டுவிட்டு முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “இத்தனை நாளா எருமை ஓசியில வேலை பார்த்திருக்கு! அப்ப ஒண்ணு பண்ணுங்க. அது போடற சத்தத்தைப் பதிவு பண்ணி இதுல ஓட விடுங்க.”

அதையும் செய்து பார்த்தாள். புது லேப்டாப்பின் ஒலிபெருக்கியில் அந்த இரைச்சல் கொசு பறக்கிற மாதிரி வந்தது. எருமையையே கூடத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றும் யோசித்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. பட்டறையில் எப்படி இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து ஏன் பாவனை செய்ய வேண்டும்? எருமை இருந்தவரைக்கும் சுவரை விட்டு நகர முடியாது. இப்போது கையில் இருப்பது நாள் முழுக்கத் தாங்குகிற சாமான். பட்டறைக்கே போய்விட்டால் என்ன?

உடனே மகளுக்குப் போன் போட்டாள். “நாளைக்குப் பத்து மணிக்கு நான் பட்டறைக்கு வரேன். எவ்ளோ சத்தம் போட முடியுமோ அவ்ளோ சத்தம் போடுங்க.”

“சத்தத்துக்கா பஞ்சம்? வாங்க” என்றாள் மகள்.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. தரையெல்லாம் எண்ணெய்க் கறை. பழுதுக்கு வந்த ஜெனரேட்டர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. நடுவே காலி ஆயில் டிரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு துணியை விரித்து, “இதுதான் உங்க மேஜை” என்றாள் மகள். கதவு வழியாக வந்த வெயில் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. காது அக்கா சுற்றிப் பார்த்து, ஒரு அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தைக் கிழித்து, லேப்டாப்பை அதற்குள் வைத்துக்கொண்டாள். பட்டறைப் பெரியவர் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து மிஷின்களை எடுத்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி மாட்டிக்கொண்டார்.

“ஆரம்பிக்கலாமா ஐயா?”

“நீ ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு ஓடுவேன், பரவாயில்லையா?”

“ஓடுங்க, நானும் லேப்டாப்பைத் தூக்கிட்டு பின்னாலயே ஓடி வரேன். இதுக்கு ஒயர் கிடையாது.”

மகள் ஓரத்தில் இருந்த ஜெனரேட்டரை ஓடவிட்டாள். கொட்டகை முழுக்க அதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கையைக் காதுக்குக் கொண்டுபோனார். “ஒரு நிமிஷம்!” என்று கத்திக்கொண்டே காது அக்கா கட்டைச் சத்தத்தை ஒரே இறக்காக இறக்கினாள். அவர் கை பாதியில் நின்றது. இரைச்சலை ஒரு படி குறைத்தாள், இன்னொரு படி. எதிரே இருந்து வருகிற பேச்சை மட்டும் முன்னுக்கு எடுத்தாள். தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துக்கொண்டே வந்து, கடைசியில் சாதாரணமாகப் பேசினாள்.

“இன்னைக்கு என்ன கிழமை ஐயா?”

“வியாழன். எனக்குக் காதுதான் போச்சு, புத்தி போகல.”

“ரொம்பக் குறைச்சுட்டா பேச்சும் அமுங்கிடும். அதனால கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.”

“இஞ்சின் ஓடறது தெரியணும்மா. அதுவும் கேக்கலைன்னா நான் பட்டறையில எதுக்கு உக்காந்திருக்கேன்?”

சொன்னது நியாயமாகப் பட்டதால் ஒரு படி ஏற்றிவிட்டாள். இப்படியே ஏற்றி, இறக்கி, அரை மணி நேரம் போனது. பின்னால், ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பது வயதுக்கு மேல். பெரியவர் காது கேட்காமல் போனதிலிருந்து அவர் எதிரிலேயே எதை வேண்டுமானாலும் பேசிப் பழகியவர்கள்.

அதில் ஒருவர், “டீ சொல்லப் போறேன், பெருசுக்கு வேணுமான்னு கேளு” என்றார்.

“அந்தாளுகிட்ட கேக்கிறதுக்குள்ள தொண்டை கிழிஞ்சிடும். வாங்கி வச்சா குடிச்சுக்கும், விடு” என்றார் மற்றவர்.

பெரியவர் நாற்காலியிலிருந்து திரும்பினார். “தொண்டை கிழிய வேண்டாம். சக்கரை கம்மியா ஒண்ணு சொல்லு. அப்புறம், ரெண்டு வருஷமா இந்த அந்தாளு பத்தி வேற என்னெல்லாம் பேசினீங்கன்னு வரிசையா சொல்லுங்க, நேரம் இருக்கு எனக்கு.”

ஒருவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. மற்றவர் எழுந்து நின்று, “ஐயா, சும்மா தமாசுக்கு…” என்று இழுத்தார். மகள் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஜெனரேட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

காது அக்கா அந்த அளவை அப்படியே மிஷினில் பதிவு செய்தாள். அவள் பையை மூடுவதற்குள்ளேயே, யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துப் பெரியவர் அதட்டினார். “அந்த வால்வு இல்லைன்னு சொல்லாதே! மேல் தட்டுல நீல டப்பாவுல ரெண்டு இருக்கு!” மகள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏணியை நோக்கி நடந்தாள்.

மற்ற இரண்டு பேரையும் அந்த வாரத்திலேயே முடித்தாள். ஒருவருக்குச் சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மருமகளைப் பேசச் சொல்லிப் பொருத்தினாள். இன்னொருவருக்குப் பஸ் நிறுத்தத்தில். அங்கே காத்துக்கொண்டிருந்த நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்கும் வேண்டும் என்று முகவரி கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் அதன் பிறகு கழற்றவில்லை.

கடையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அவளே முறையைச் சொன்னாள். முதலாளி கடையின் பின்கட்டில் ஒரு பழைய மேஜை ஃபேனையும் ரேடியோவையும் கொண்டுவந்து வைத்து, அதற்கு இரைச்சல் அறை என்று பலகையே மாட்டிவிட்டார். பழைய மாதிரி மிஷின்காரர்களுக்காக எருமை இன்னும் புதன்கிழமைகளில் பஸ் ஏறுகிறது. அவர்கள் புதுசுக்கு மாறினால் என்ன செய்வாய் என்று கணவர் கேட்டபோது, “மாறட்டும், அப்ப பார்த்துக்கலாம்” என்றாள். அவளுக்கு அதைப் பற்றிப் பெரிய யோசனை இல்லை.

போன வாரம் ஒரு சலவைக் கடைக்காரர் போன் செய்தார். ஆறு பெரிய சலவை மிஷின்கள் ஓடுகிற கடை. வாடிக்கையாளர்கள் சொல்வது ஒன்று, தனக்குக் கேட்பது ஒன்று, யார் சட்டையோ யாரிடமோ போகிறது என்று புலம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அமைதியாக இருக்கும், வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார்.

“வீடு வேண்டாம், ஞாயிறும் வேண்டாம்” என்றாள் காது அக்கா. “உங்க கடையில எப்ப கூட்டம் அதிகம்?”

“சனிக்கிழமை காலையில. நிக்க இடம் இருக்காதேம்மா?”

“அப்ப சனிக்கிழமை காலையிலயே வரேன். ஆறு மிஷினையும் ஓட விட்டு வைங்க.”